பிடுங்கிப் பார்க்காத கிழங்கு

இரண்டு வருட ஆராய்ச்சிப் பயிற்சிக்காக உகாண்டா போன முதல் வாரம், அறுவடை முடிந்த வயலோரத்தில் என் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். வேகவைத்த மரவள்ளி. சுற்றிலும் அந்த ஊர் விவசாயப் பெண்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு ரகமாக மென்று பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க ரகம் ருசி எப்படி?" என்று ஒரு பெண் கேட்டதாக உடன் வேலை பார்த்தவர் மொழிபெயர்த்தார். சேலத்தில் பதினோரு வருடம் மரவள்ளி ஆராய்ச்சி செய்தவள் நான். எங்கள் கிழங்கு நேரே ஜவ்வரிசி மில்லுக்குப் போகும். ஸ்டார்ச், விளைச்சல், இலையைச் சுருக்கும் மொசைக் நோய் தாங்குகிறதா, அவ்வளவுதான் எங்கள் டேட்டா ஷீட். ருசிக்கு அதில் கட்டமே இல்லை.

அங்கே ஒரு ரகத்தை அந்தப் பெண்கள் ஒதுக்கினால், ஆராய்ச்சியாளர்கள் ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இரண்டு வருடமும் அதைப் பார்க்கப் பார்க்க, நான் இங்கே ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி உறுத்தியது. வெளியிடும் முன் சோதனைக்காகக் கொடுத்த எங்கள் மொசைக் தாங்கும் ரகத்தை ராசிபுரம் பக்கம் பலர் ஒரே போகத்தில் விட்டுவிட்டார்கள். அதற்கு நான் எழுதிய காரணம், 'விவசாயிகளிடம் விழிப்புணர்வு குறைவு.'

ஊர் திரும்பியும் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அந்த ரகத்தை எல்லா விவசாயிகளுக்கும் வெளியிடக் கேட்கும் ரிலீஸ் புரொபோசல் என் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, அதை முதலில் நட்டு முதலில் கைவிட்ட பாப்பாயி அக்கா தோட்டத்துக்குப் போனேன்.

"ஏனுங்கக்கா, இதை ஏன் உட்டீங்க? நோவுதான் வரலையே?"

"நோவு வருலீங்க மேடம், அது நெசந்தான். நீங்க புடுங்கிப் பாத்தீங்களா?"

வரப்போரம் மிஞ்சியிருந்த ஒரு செடியைக் காட்டினார். இரண்டு கையாலும் இழுத்தேன். அசையவில்லை. மூன்றாம் முறை பாதிக் கிழங்கு ஒடிந்து வந்தது. மீதி காய்ந்த செம்மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

"இப்புடித்தானுங்க முக்காவாசி ஒடிஞ்சு போச்சு. இந்தக் குச்சிக் கெழங்குன்னா புடுங்கறதுக்கு ஆளுங்க காட்டுக்கே வாரதில்லீங்க."

எங்கள் பண்ணையில் தண்ணீர் பாய்ச்சி, மண் இளகிய பிறகு ஆட்கள் பிடுங்கிப் போடுவார்கள். நான் எடை போட மட்டும் போவேன்.

புரொபோசலை நிறுத்த வேண்டும் என்றதும் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, வெளிநாடு போய் இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா? கெழங்கு ஒடியறதெல்லாம் ஒரு டேட்டாவா?"

"ஆமாங்க சார். நாம எடுக்காம உட்ட டேட்டா."

கடைசியில் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். பல தோட்டங்களில் காய்ந்த மண்ணில் பிடுங்கிப் பார்த்தோம். பெரும்பாலும் ஒடிந்தது. ரகத்தைக் கைவிட்டோம். எட்டு வருட வேலை. வீட்டுக்கு வந்து அழுதேன். தலைவர் பல மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வெளிநாடு போகும் இளையவர்கள் நல்ல லேப் தேடிப் போவது சரிதான். கூடவே, நம் பயிரை அங்கே எதற்காக வளர்க்கிறார்கள், யாரிடம் கேட்டு முடிவெடுக்கிறார்கள் என்றும் பார்த்து வாருங்கள். இங்கே நாம் கேட்காமல் விட்ட கேள்வி அப்போதுதான் கண்ணில் படும்.

அடுத்த ரகம் இப்போது ட்ரையலில் இருக்கிறது. அதில் எதைக் கேட்க மறந்திருக்கிறேனோ, தெரியவில்லை.