இரண்டாவது லிட்டர்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் மாமா அந்த எஞ்சினைப் பிரித்துப் போட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரில் அப்போது தெருவுக்கு ஒரு லேத் பட்டறையும் பட்டறைக்கு ஒரு விஞ்ஞானியும் இருந்தார்கள். பீளமேட்டில் எங்கள் தெருவுக்கு வாய்த்த விஞ்ஞானி அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக்கை முக்கால்வாசி படித்து, மீதியைத் தானே கற்றுக்கொள்வதாக அறிவித்துவிட்டு வெளியே வந்தவர்.

கார், அப்பா மலிவாக வந்ததென்று வாங்கிப் போட்டிருந்த பழைய நான்கு சிலிண்டர் வண்டி. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும், அதுவும் அதற்கு மனமிருந்தால். அதைப் பதினெட்டு ஓட வைப்பதாக மாமா சொல்லியிருந்தார். சொன்னது அவருடைய அப்பாவிடம், என் அப்புச்சியிடம். அப்புச்சிக்குச் சத்தியமங்கலத்தில் கரும்புத் தோட்டம். அதைப் பார்த்துக்கொள்ள இருந்தது இந்த ஒரே மகன். இவருக்கோ கரும்பு என்றால் ஆலை எஞ்சின்தான் நினைவுக்கு வரும்.

“பதினெட்டு ஓட்டிக் காட்டு. இங்கயே பட்டறை போட்டுக்க, நான் வாயத் தொறக்கல,” என்றார் அப்புச்சி. “இல்லீனா ஆடி பொறக்கறக்குள்ள தோட்டத்துக்கு வந்து சேரு.”

“சரிங்கப்பா,” என்றார் மாமா.

அன்றிலிருந்து நான் அவருக்கு உதவியாள். சிலிண்டர் தலையில் எட்டு வால்வுகள். ஒவ்வொன்றுக்கும் மணல்போல் உரசும் பசை தடவி, நுனியில் ரப்பர் வைத்த குச்சியால் பிடித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துப்போல உருட்டித் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விட்டுப்போகாமல் விழுந்தால் வால்வு ஒழுங்காக மூடுகிறது என்று பொருள். பிறகு தலையைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். என் எட்டில் ஒன்றுகூட ஒழுகவில்லை. அந்தப் பெருமை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

மாமா பிஸ்டன்களுக்குப் புது ரிங்குகள் போட்டார். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையை ஒரு அளவு சிறிதாக்கினார். தீப்பொறி சற்று முன்னதாக விழும்படி திருப்பி வைத்தார். ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் வீணாகிறது. வெளுத்திருந்தால் எஞ்சின் வேகிறது. காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்க பிளக்கோடு சமையலறைக்கே வந்துவிட்டார்.

“அந்தக் கையோட டப்பாவத் தொட்டே, ஒடிச்சுப்போடுவேன்!” என்றாள் அம்மா.

“தொடலக்கா. நீயே கொஞ்சம் எடுத்துக் காட்டு.”

அம்மா ஒரு கரண்டித் தூளை நீட்டினாள். மாமா சன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உன்ற காப்பி கொஞ்சம் கருகல்,” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சோதனை. நாளும் வழியும் மாமாவின் தேர்வு: பீளமேட்டிலிருந்து அவிநாசி ரோட்டில் நேர் கிழக்கே. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் ஆயில் கேனில் பெட்ரோல் ஊற்றி, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் கொடுத்து ஓட்டுவது; எங்கே நிற்கிறதோ அதுவரை ஓடிய தூரம் மைலேஜ். கேனை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார அப்புச்சி ஒப்புக்கொண்டார். இன்று யாராவது இப்படி ஓட்டினால் நானே போலீசைக் கூப்பிடுவேன்.

மாமா கேனைக் கழுத்துவரை நிரப்பினார்.

“மாமா, அது ஒரு லிட்டருக்கு மேல இருக்குதுங்க,” என்றேன். பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து அளவு ஜாடி வாங்கி வந்திருந்தேன். அளந்தோம். எழுபது மில்லி அதிகம்.

“ஏங்கண்ணு, நீ யார் பக்கம்?” என்றார் மாமா.

“அம்மிணி உன்ற பக்கமும் இல்ல, என்ற பக்கமும் இல்ல. ஜாடி பக்கம்,” என்றார் அப்புச்சி. “எடுடா எழுவதை.”

எடுத்தார். நான் இன்னொரு கேனிலும் சரியாக ஒரு லிட்டர் அளந்து, யாரிடமும் சொல்லாமல் பின்சீட்டில் என் காலடியில் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு அளவீடு அளவீடே அல்ல என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார்.

வண்டி பூப்போலப் போனது. மாமா நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. சாலையோரத் தென்னைகளின் ஓலையெல்லாம் அவிநாசிப் பக்கமாகவே நீண்டு கிடந்தது. புழுதி எங்களுக்கு முன்னால் ஓடியது. நான் கிலோமீட்டர் மீட்டரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கருமத்தம்பட்டியில் பதினெட்டு ஆனபோது மாமா ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். அப்புச்சி கேனை ஆட்டிப் பார்த்து, “இன்னும் கெடக்குது,” என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. இருபது புள்ளி ஆறில் எஞ்சின் இருமி நின்றது.

மாமா குதித்து இறங்கி, பானெட்டின் மேல் இரண்டு கையாலும் தாளம் போட்டார். அப்போதுதான் நான் இரண்டாவது கேனை எடுத்து நீட்டினேன்.

“திரும்பிப் போறப்ப இதுல ஓட்டலாமுங்க மாமா. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுக்கோணும். அதுதான் முறை.”

தாளம் நின்றது. “எஞ்சின் சூடாயிருச்சு கண்ணு. இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம்.”

“சூட்டுலதான மாமா இவ்வளவு தூரம் வந்துச்சு?”

அப்புச்சி இறங்கி நாங்கள் வந்த திசையைப் பார்த்து நின்றார். வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. தோளிலிருந்து கிளம்பப் பார்த்த துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார். மகன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமா குனிந்து, காலியான கேனின் குழாயைத் தேவையே இல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு வந்துது அம்மிணி?”

“இருவது புள்ளி ஆறுங்க அப்புச்சி.”

“எழுதிப்போட்டியா?”

“எழுதியாச்சுங்க.”

“அப்பறம் என்ன?” என்றவர் என் கையிலிருந்த கேனை வாங்கினார். காரின் பின்பக்கம் போய், டேங்க் மூடியைத் திருகி, நான் சொட்டுச் சொட்டாக அளந்த அந்த ஒரு லிட்டரை மிச்சமில்லாமல் உள்ளே ஊற்றினார். டேங்கில் ஏற்கெனவே பெட்ரோல் கிடந்தது. இனி யாராலும் அதைப் பிரித்து அளக்க முடியாது.

“அய்யோ, கெடுத்துட்டீங்க அப்புச்சி!” என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. மகனிடம், “பட்டறைக்கு எடம் பாத்தாச்சா?” என்றார்.

“இல்லீங்கப்பா.”

“பாரு.”

டேங்க் குழாயை மறுபடி மாட்டித் திரும்பும் வழியில் வண்டி முக்கியது. கண்ணாடிகள் கடகடத்தன, மாமா அடிக்கடி கியரை இறக்க வேண்டியிருந்தது. என் நோட்டில், ‘ஒரே அளவீடு. அப்புச்சியால் சோதனை பாழ்’ என்று எழுதினேன்.

பிற்பாடு நான் வாகனப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, விருப்ப ஓய்வு வாங்கும்வரை இந்த விதியைத்தான் ஊருக்கெல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன்: ஒரே சாலையில் இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடு, காற்று பலமாக இருந்தால் எடுக்கவே எடுக்காதே. கோயமுத்தூரிலிருந்து கிழக்கே தரை இறங்கிக்கொண்டே போகிறது. ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. பட்டறை நிலைத்த பிறகு, காற்றடங்கிய ஒரு மார்கழியில் மாமாவே இரு திசையும் ஓட்டிப் பார்த்தாராம். பதினாறரை. நல்ல வேலைதான், பதினெட்டு இல்லை.

அப்புச்சி ஆனிக் காற்றில் ஐம்பது வருடம் களத்தில் நின்று தானியம் தூற்றியவர். அது எந்தப் பக்கம் எதைத் தள்ளும் என்று அவருக்கு நானோ என் டீச்சரோ சொல்ல வேண்டியதில்லை. அவர் சும்மா நின்றிருந்தாலே போதும். நான் அளந்து முடித்திருப்பேன், அவர் சாயங்கால பஸ்ஸில் மகனைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்துச் சத்தியமங்கலம் கூட்டிப் போயிருப்பார். அன்று அப்புச்சி தனியாகத்தான் போனார். காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிடப் போன நான், அவர் சன்னல் வழியாகக் கையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முறை தெரியாத மனிதர் என்று எனக்கு அவ்வளவு கோபம்.