பாறையில் இறங்கிய புளியோதரை

வையம்பட்டிப் பக்கத்து மொட்டைப் பாறை மலையில் நண்பர்கள் நாங்கள் மூவரும் ஏறி முடிக்கச் சரியாக ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இறங்கும்போதுதான் தொல்லை. கனத்த சரீரமுள்ள ஸ்ரீரங்கத்து நண்பர் சரிவின் நடுவே பயந்து உட்கார்ந்து, நகரமாட்டேன் என்றுவிட்டார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், கேள்வி கேட்குமுன் காதுமடலைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம். நண்பருக்கு நேர் கீழே நின்று, அவரைப் பார்த்தபடியே பின்புறமாக இறங்கினார்.

"சாமி, உங்க ஊர்ப் புளியோதரைக்கு என்னென்ன போடுவாங்க?"

"இப்போ அதுவா முக்கியம்?"

"சும்மா சொல்லுங்க சாமி."

நண்பர் தம்மை அறியாமலே எழுந்து அவரைத் தொடர்ந்து இறங்கியபடி மிளகில் தொடங்கி நல்லெண்ணெய்க்கு வருவதற்குள் அடிவாரம் வந்துவிட்டது.

"உமக்குப் பயமே இல்லையா?" என்று ஆட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இல்லாமலா? சாமி விழுந்தா என் மேலதானே விழுவாரு!"

அது தெரிந்தும் அவர் ஏன் சற்று விலகி நடக்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.