காத்தாடியின் வலது கை

அந்தத் தையல் ஆலையில் பொத்தான் துளை போடும் மெஷினில் இருந்தவளை எல்லோரும் காத்தாடி என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்றால், தோளைத் தட்டி. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அப்பப்பா! சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாளரின் நடையைக் கையாலேயே செய்து காட்டினால் மொத்த மேஜையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மரவேலை செய்யும் கணவருக்கும் காது கேட்காது. அந்த வீட்டுச் சண்டையெல்லாம் கைக்குக் கைதான். மகளுக்கு மட்டும் காது கேட்கும்.

ஒரு மழைநாளில் ஆலைப் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மேல்கை எலும்பு மூன்று துண்டாகிப் போனது.

எலும்பு டாக்டர் நிதானமாகப் பேசினார். மகள் அதைக் கையால் அம்மாவுக்குச் சொன்னாள். ஒரு காலத்தில் மேல்கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் தொங்கவிடுவார்களாம். பிறகு யார் வந்தாலும் கீறித் தகடு வைத்தார்களாம். எலும்புக்குள்ளேயே கம்பியை இறக்கியும் பார்த்தார்களாம். இப்போது மறுபடி யோசிக்கிறார்கள். பலருக்குக் கழற்றி மாட்டும் உறையே போதும் என்கிறார்கள். இவளுக்கும் உறை போடலாம். ஆனால் சேர நாளாகும், சேராமலும் போகலாம். தகடு வைத்தால் கை சீக்கிரம் உதவும். ஒரே சங்கடம், அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் தூக்குவது அதுதான். அதற்கு ஏதாவது ஆனால் கை தொங்கிவிடும்.

"பெரும்பாலும் தானா சரியாயிடும்மா. சிலருக்கு ஆகறதில்ல."

மகள் அதையும் மறைக்காமல் சொன்னாள். கை போனால் சோறு ஊட்ட ஆள் உண்டு, பேச்சுக்கு யாரிடம் போவது? ஆனாலும் சேருமா சேராதா என்று மாதக்கணக்கில் காத்துக் கிடக்கக் காத்தாடியால் ஆகாது. தகடே வைக்கட்டும் என்றாள், இடது கையால், தட்டுத்தடுமாறி.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது இடது கையில் டிரிப்ஸ் ஊசியைக் குத்தி, அசையாமல் பலகையோடு கட்டியிருந்தார்கள். வலது மணிக்கட்டைத் தூக்கினாள், வரவில்லை. மறுபடியும் தூக்கினாள். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு கை இல்லை. திமிறினாள். வலியில் துடிக்கிறாள் என்று நினைத்த நர்ஸ் தூங்குவதற்கு ஊசி போட்டாள். பாவம், அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது! சாயங்காலம் மகளோடு வந்த கணவர் பதறிப்போய்க் கட்டை அவிழ்க்கச் சொன்ன பிறகுதான் காத்தாடியால் பேச முடிந்தது.

"என் கை போச்சுங்க."

நரம்பு அறுபடவில்லை, காத்திருக்கலாம் என்றார் டாக்டர். வராவிட்டால் இன்னொரு ஆபரேஷன், வேறொரு தசைநாரை எடுத்து மணிக்கட்டில் இணைப்பது.

மணிக்கட்டுக்குப் பட்டை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவளை அதிகம் வதைத்தது கணவரின் அன்புதான். அவள் இடது கையால் திக்கித் திணறி ஒன்றைத் தொடங்குவாள், மனுஷன் மீதியைத் தானே முடித்துவிடுவார். குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல வந்தால் டம்ளரில் தண்ணீர் வரும். முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் அலுத்துப்போய்த் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, கையால் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள். அவளுக்கு அழுகையாக வரும்.

ஒரு மத்தியானம், பயிற்சிக்காகப் பட்டையைக் கழற்றியிருந்தாள். மகளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று கணவரிடம் தொடங்கினாள். அவர் பாய்ந்து முடித்தார்.

"அவளை வரச் சொல்லிட்டேன். ரெண்டாவது ஆபரேஷனுக்குச் சரின்னு டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான், அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க? என் கை இது! வேணுமா வேணாமான்னு நான்தானே சொல்லணும்? நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க!"

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. இப்போது எதற்கு அழுகை என்று கேட்க வந்தவள், அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். வலது மணிக்கட்டு நடுங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. விழுந்தது. தூக்கினாள், வந்தது.

அவர் கையைப் பிரித்தார்.

"பேசு. இனிமே குறுக்க வரமாட்டேன்."

அவள் பேசினாள். கட்டைவிரல் இன்னும் எழவில்லை, பாதிச் சொல் புரியவில்லை. புரியாத இடத்திலெல்லாம் அவர் எதையும் முடித்துக் கொடுக்காமல் காத்திருந்தார்.