களத்தில் சொல்லாத சொல்

எங்கள் வீட்டில் அகராதி வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவருக்குக் கையெழுத்து வைக்கவும் தெரியாது. ஒருநாள் தம்பி கால்பந்துப் போட்டி நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து, விளையாடுகிற இடத்துக்கு ஏன் ஆடுகளம் என்று போட்டிருக்கிறது என்று கேட்டான். நான் அகராதியைப் புரட்டிப் பெரிய விளக்கம் கொடுத்தேன். நெல் மிதிக்கிற சமதரை களம். ஆட்டம் நடக்கிற இடமும் களம். சண்டை நடக்கிற இடமும் களம். பழைய புலவர்கள் போரையே சூடுமிதிப்பாக, கதிரை மாடு விட்டு மிதிப்பதாக, பாடியிருக்கிறார்கள், ஆகவே நெல்லின் களம்தான் முதலில் வந்திருக்க வேண்டும் என்றேன்.

“அப்ப ஐயான்ரை களத்திலை கோல் போஸ்ற் நடலாம், அண்ணை,” என்றான்.

அடுத்த ஐப்பசியில் அவன் இயக்கத்துக்குப் போய்விட்டான். களத்துக்குப் போவதாகத் துண்டுக் கடிதம் எழுதி என் அகராதிக்குள் வைத்திருந்தான். ஐயாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

மாசியில் பெரிய சண்டை என்று கேள்விப்பட்டு, சைக்கிளில் யாழ்ப்பாணம் போய் விசாரித்தேன். பட்டியலில் அவன் பெயர் இருந்தது. உடல் கிடைக்கவில்லை என்றார்கள். எங்கள் ஊர் கரவெட்டி வரைக்கும் எப்படி மிதித்து வந்தேனோ தெரியாது.

ஐயா வயற்களத்தில் சூடு மிதித்துக்கொண்டிருந்தார். உழவு இயந்திரத்துக்கு டீசல் கிடைக்காத காலம், மறுபடியும் மாடுகள்தான். எங்கள் ஆட்கள் களத்துக்குள் நின்று ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். ‘முடிஞ்சுது’ என்றும் சொல்லமாட்டார்கள். சொன்னால் விளைச்சல் போய்விடும். நெல்லைக்கூடப் பெருகட்டும் என்ற பொருளில் ‘பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் வரம்பிலேயே நின்றேன். செருப்போடு களத்துக்குள் போகக்கூடாது; நான் கழற்றவில்லை. அதைக் கண்டதுமே அவருக்கு விளங்கியிருக்கும்.

“ஐயா, ஒருக்கா வெளியிலை வாங்கோ.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாட்டின் முதுகைப் பார்த்தபடி சொன்னார்:

“நான் வரமாட்டன். நீ செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா. இஞ்சை நிண்டு சொல்லு.”

இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு கழற்றிவிட்டுப் போனேன்.

“தம்பியை விசாரிச்சனியே?”

“ஓம்.”

“என்ன சொன்னவை?”

அகராதி முழுக்கப் புரட்டியவன் நான்.

“பொலி, ஐயா.”

“பொலி,” என்றார் அவரும். மாடுகளைத் தட்டி மறுபடி சுற்றத் தொடங்கினார். கதிரில் ஒரு மணியும் மிச்சமில்லாமல் எல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. குளம்புகளுக்கடியில் வெறும் வைக்கோல். அவர் நிறுத்தவில்லை. மாட்டுக் கயிற்றை வாங்க எனக்குத் துணிவு வரவில்லை. வாங்கினால் அவர் களத்தைவிட்டு இறங்கிவிடுவார்.