பதிலுக்கு முன்னால் வந்த சிரிப்பு

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ஆச்சா. ஒவ்வொரு கணக்கையும் போர்டில் முடித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, "ஆச்சா?" என்று கேட்பார். "ஆச்சு டீச்சர்" என்று வகுப்பே கத்தும். ஆகாதவர்களும் சேர்ந்துதான் கத்துவார்கள். அது அவருக்கும் தெரியும். யார் வாய் அசைகிறது, யார் கண் அசைகிறது என்று பார்த்துவிட்டு, கண் அசையாத பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

லீவில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக வந்தவர் அவர். போனவர் திரும்பவில்லை, வந்தவர் போகவில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்பதைவிட நன்றாக நடித்துக்காட்டுவார் என்பதுதான் அவர் புகழ். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைத் தேடுவதை, கண்ணாடி தலைமேலேயே இருப்பதை, பியூன் மணியடிக்க மறந்துவிட்டு ஓடுவதை அப்படியே செய்வார். டீச்சர்கள் அறையில் டீ ஆறிப்போகும், சிரிப்பு ஆறாது. சிறு வயதில் நிறையப் பிள்ளைகள் இருந்த வீட்டில் நடுவில் பிறந்தவர். மூத்தவளுக்கு மதிப்பு, கடைக்குட்டிக்குச் செல்லம். நடுவிலிருந்த இவருக்கு யாராவது திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் சித்தப்பா மாதிரி இருமிக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் போகவில்லை.

கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வந்தது. வேறொரு பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கழுத்தில் தொங்கும் அட்டை, சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா. வீட்டில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவருடைய கணவருக்குக் கோடைதான் அறுவடைக்காலம். டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "பிள்ளைங்களுக்கு லீவு விட்டாலும் உனக்கு விடமாட்டாங்க போல. பாத்து, ஃபெயிலாயிடாத" என்று கேலி செய்து அனுப்பினார்.

பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் உள்ளே நுழைந்ததுமே பிள்ளைகளாகிவிட்டார்கள். கடைசி நாற்காலிக்கு அடிதடி. பேனாவைத் தட்டிப் பறித்தார்கள். 'ஒன்னுக்கு' என்று சுண்டுவிரலைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

ஒரு நாள் பாடம், காத்திருப்பது பற்றி. "கேள்வி கேட்ட உடனே பதிலுக்குப் பறக்காதீங்க. பிள்ளைக்கு யோசிக்க நேரம் குடுங்க" என்றார் பயிற்சியாளர், சட்டையில் குத்திய சின்ன மைக்கில். "இப்ப ஒருத்தர் டீச்சர், மத்தவங்க பிள்ளைங்க. உங்க வகுப்புல உங்களை ரொம்பக் காக்க வைக்கிற பிள்ளை யாரோ, அந்தப் பிள்ளையா உக்காருங்க."

பாடம் நடத்த எழுந்தவர் ஆச்சா டீச்சரின் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்புக்கு எடுக்கிற சார். இளவயது, நல்ல மனசு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "இருபத்தி நாலுல முக்கால் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு அவர் ஆச்சா டீச்சரைக் கைகாட்டினார்.

டீச்சருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எழுந்தார். இல்லாத சடையின் நுனியை எடுத்து மேலுதட்டில் தேய்த்தார். கண்ணை மூடினார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெல்ல ஆடினார். வாய் திறந்தது, மூடியது, திறந்தது.

அவர் வகுப்பின் மூன்றாம் பெஞ்சுப் பெண் அவர் உருவத்தில் அப்படியே வந்து நின்றுவிட்டாள்.

சார் காத்திருந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "என்னம்மா, இடைவேளையா? முறுக்கு வாங்கிட்டு வந்துடட்டா?"

அறை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பயிற்சியாளர் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

பதிலைச் சொல்லவில்லை.

அந்தப் பெண் கை தூக்கினால் எப்போதும் சொல்வாள். வருஷ ஆரம்பத்தில் கையே தூக்காதவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, பாதி வருஷம் போன பிறகுதான் ஒரு நாள் அந்தக் கை தோள் உயரத்துக்கு வந்தது. சடை, கண், ஆட்டம், எல்லாம் முடிந்து பதில் வந்தது. சரியான பதில். அதற்கப்புறமும் பெரும்பாலும் சரியாகத்தான் வந்தது. பயிற்சியாளர் மைக் வைத்துச் சொல்லிக்கொடுத்ததை டீச்சர் அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே செய்திருந்தார். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவளை வைத்து ஒரு சிரிப்பு வாங்கிக்கொண்டார்.

டீ வேளையில் சார் பக்கத்தில் வந்தார். "அக்கா, பிரமாதம். யாரு அது? இந்த வருஷம் எங்கிட்ட வருதா?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். சிரிப்பின் சூடு ஆறவில்லை. "மூணாவது பெஞ்சு, ரெட்டைச் சடை, ஓரத்துல உக்காரும்" என்றார் டீச்சர். சொல்லி முடித்ததும் கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தார்.

"நல்லா பதில் சொல்லுவா சார். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்" என்று சேர்த்தார்.

"சரிக்கா, இடைவேளைக்கு இடைவேளை விட்டுடுவோம்" என்றார் சார்.

அதற்குப் பிறகு பயிற்சி முழுவதும் அந்தச் சொல்தான். யாராவது பேனாவைத் தேடினால், 'இடைவேளையா?' ஃபேன் நின்றால், 'இடைவேளை.' கடைசி நாள் நிகழ்ச்சியில், "அக்கா, அதை ஒரு தடவை செய்யுங்க" என்று எல்லாரும் கேட்டார்கள். சரி, இந்த முறை பதிலையும் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். சடை, கண், ஆட்டம். பிறகு, "பதினெட்டு" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க. இங்க நுணலுக்கு ஒன்னும் ஆகல, பக்கத்துல இருந்த மீனு மாட்டிக்கிச்சு" என்றார்.

"நான் சார்கிட்ட நல்லவிதமாவும் சொன்னேங்க."

"பிள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும் ஆட்டுற."

டீச்சர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அன்று சோற்றில் உப்பு இல்லை, இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் இருப்பது பிளைவுட் தடுப்பு. அது கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் வாரத்திலேயே அந்தக் குரல் தடுப்புக்கு மேலே ஏறி வந்தது: "என்னம்மா, இடைவேளையா?" வகுப்பின் சிரிப்பும் பின்னாலேயே வந்தது. டீச்சர் போர்டில் ஒரு பெருக்கலைத் தப்பாகப் போட்டார். புதுப் பிள்ளைகள் திருத்தப் பயந்து, "ஆச்சு டீச்சர்" என்றார்கள்.

மத்தியானம் குழாயடியில் அந்தப் பெண் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் தூரத்திலேயே பார்த்துச் சிரிப்பாள்.

"டீச்சர்," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி. "நீங்க என்னை மாதிரியே செஞ்சு காட்டுனீங்களாமே. சார் சொன்னாரு."

டீச்சர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். மறுபடி திறந்தார். அந்தப் பெண் குழாயை மூடிவிட்டு நின்றாள். அவசரப்படுத்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. காத்திருந்தாள். எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஆமாம்மா. நான்தான்" என்றார் டீச்சர். "தப்பு."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். டப்பாவை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே டீச்சர் சாரைப் பிடித்தார். "அந்தப் பேரை விட்டுடுங்க சார்."

"ஐயோ அக்கா, நீங்க வச்ச நெருப்புதானே. நான் பாசமாத்தான் கூப்பிடுறேன். அதுவும் சிரிக்குது."

"சிரிக்குது. ஆனா கை தூக்குதா?"

சார் யோசித்தார். "இல்ல" என்றார், கொஞ்சம் மெதுவாக.

சொன்னால் மட்டும் போதாது என்று டீச்சருக்குத் தெரியும். நாக்குக்குப் பழகிய பேர் நாளைக்கு மறுபடி வரும். எனவே பயிற்சியையே துணைக்கு அழைத்தார். "ஒருத்தர் வகுப்புல ஒருத்தர் போய் உக்காந்து பாக்கணும்னு சொன்னாங்கல்ல? எனக்குக் கடைசிப் பீரியட் ஓய்வு. நான் வர்றேன்."

சாருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "வாங்கக்கா. ஆனா நடிச்சுக் காட்டக் கூடாது, என்னை" என்றார்.

"இனிமே யாரையும் இல்ல" என்றார் டீச்சர்.

கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பின்னால் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் பாடத்தைப் பயிற்சியில் சொன்ன மாதிரிதான் நடத்துவார்கள். சார் கேள்வி கேட்டார், காத்திருந்தார். 'இடை' என்று ஒரு முறை உதடு வரைக்கும் வந்ததை இருமலாக மாற்றினார். அந்தப் பெண் கையைத் தூக்கவில்லை. மறுநாளும் இல்லை. டீச்சர்கள் அறையில் ஆச்சா டீச்சரின் நாற்காலி காலியாகவே இருந்தது. "என்ன, சிரிப்புக் கடையைச் சாத்திட்டீங்களா?" என்று கேட்டவர்களைத் தாண்டி அவர் ஆறாம் வகுப்புக்கு நடந்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், பின்னக் கணக்கில் நான்கைந்து பேர் வரிசையாகத் தப்புவிட்டார்கள். "தப்பு, உக்காரு. தப்பு, உக்காரு" என்று சார் சொல்லிக்கொண்டே வந்தார். அப்போது ஓர் ஓரத்தில் கை ஒன்று தோள் உயரத்துக்கு வந்தது.

டீச்சர் சட்டென்று குனிந்து பெஞ்சின் கீறல்களைப் பார்த்தார். நிமிர்ந்தால் கெட்டுவிடும் என்று பயம். சடை உதட்டில் உரசும், கண் மூடும், கால் மாறும், எல்லாம் பார்க்காமலே தெரிந்தது. முன்னால் யாரோ ஒரு பையன் கிளுக்கென்று சிரித்தான். சார் அவனை முறைத்திருக்க வேண்டும், சத்தம் நின்றது. கூரையில் மழை மட்டும்.

பதில் வந்தது. தப்பான பதில்.

"தப்பு, உக்காரு" என்றார் சார். மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் உட்காரவில்லை. "இருங்க சார்" என்றாள்.

சார் இருந்தார்.

மணியடித்த பிறகு பிள்ளைகள் முண்டியடித்து வெளியே போனார்கள். அந்தப் பெண் கடைசி பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆச்சா டீச்சர் எழுந்து வழிவிட்டு நின்றார். அவள் பையை மாட்டிக்கொண்டு, அவரைப் பார்க்காமல், அவசரமில்லாமல் கடந்து போனாள்.

மறுநாள் கடைசிப் பீரியடுக்கும் டீச்சர் அதே பெஞ்சுக்குத்தான் போனார்.