பால்டியில் கிடக்கும் சென்சார்

என் அக்கா வீட்டுக்காரர் அந்தோணி அத்தானுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அப்பேர்ப்பட்டவரை ஆறு வருஷமாகத் தினமும் பொய் சொல்ல வைத்துவிட்டார்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

புனே பக்கம் தளேகாவில் ஒரு ரசாயன ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிரிவில் அவருக்கு வேலை. அந்த நீர் விழும் ஓடைக்குக் கீழேதான் எங்கள் நாற்பது வீடுகளும், எல்லோருக்கும் பொதுவான ஒரே போர்வெல்லும்.

முன்பெல்லாம் சோதனைக்கு அதிகாரி பாட்டிலோடு வருவார். அவர் வரும் நாள் ஆலைக்கு எப்படியோ தெரிந்துவிடும். அன்று மட்டும் சுத்தம் செய்யும் எந்திரம் ஓடும். பிறகு விதி மாறியது. கழிவுநீர்க் குழாயில் அழுக்கை அளக்கும் சென்சார் வைக்க வேண்டும், அந்த அளவு நிமிஷத்துக்கு நிமிஷம் நேராக அரசு அலுவலகத்துக்குப் போய்விடும். இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று அத்தான் தெருவுக்கே பேடா வாங்கிக் கொடுத்தார். பாவி மனுஷன், அவ்வளவு நம்பிக்கை. ஒரு மாதம் எந்திரம் நிற்காமல் ஓடியது. ஓடையின் அடியில் கிடந்த கல்கூடத் தெரிந்தது.

அடுத்த மாதம் மேனேஜர் கூப்பிட்டு, எந்திரத்தை நிறுத்திவிட்டு, சென்சாரைக் கழற்றி ஒரு பால்டி, அதான் ஒரு வாளி, நல்ல தண்ணீரில் போடச் சொன்னார். முடியாது என்ற, அத்தானோடு வேலை பார்த்த ஸ்டீபனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். தினமும் காலையில் பால்டித் தண்ணீரை மாற்றுவது அத்தான் பொறுப்பாயிற்று. நான் சண்டை போட்டிருக்கிறேன். "எனக்கு வேற வேல நீ வாங்கித் தாரியால?" என்று கேட்டார்.

இந்தக் கோடையில் போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வந்தது. என் அக்கா எஸ்தருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் தின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் அத்தான் லீவு போட்டு, அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, என்னோடு புனேயில் இருக்கும் அந்த அரசு அலுவலகத்துக்கு வந்தார்.

அதிகாரியம்மா நல்ல மாதிரி. உட்கார வைத்து, மராத்தியில் பொறுமையாகக் கேட்டார். பிறகு கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அளவு எல்லை தாண்டவில்லை. இப்படி இருக்கும்போது இந்த ஒரு பாட்டிலை வைத்து ஆலைமேல் எப்படி நடவடிக்கை எடுப்பது என்றார். சென்சார் பக்கத்திலேயே கேமரா வைக்கும் விதி வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஆறுதலும் சொன்னார்.

அந்த அளவு கழிவுநீருடையது இல்லை, பால்டித் தண்ணீருடையது என்று அத்தான் சொல்லிவிட்டார். ஊற்றுவது யார் என்று அந்த அம்மா கேட்டார். நான்தான் என்றார் அத்தான்.

எழுதிக் கொடுத்தால் விசாரிக்கலாம், ஆனால் அளவை மாற்றியவர் என்று முதலில் உங்கள் பெயர்தான் வரும் என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்தார். அத்தான் பேனாவைத் திறந்தார். வெகுநேரம் கழித்து மூடினார். எழுதுங்கள் என்று நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று அக்கா கேட்டாள்.

"நம்ம ஓடைத் தண்ணி நல்லாத்தான் இருக்காம்" என்றார் அத்தான்.

அவள் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "அந்தப் பால்டித் தண்ணிய மறுநாள் என்ன செய்வீய?" என்றாள்.

"கீழ கொட்டிருவேன்."

"கொட்டாதீய. வீட்டுக்குக் கொண்டாங்க."

இப்போது தினமும் சாயங்காலம் அத்தான் ஒரு கேனில் அதைக் கொண்டுவருகிறார். அக்கா அதில்தான் கை கழுவுகிறாள்.