எதற்காகக் கொடுத்தார் எங்கள் அக்கா

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வரும் உங்கள் கைகளில் கொடுப்பதற்காக இந்தச் சிறு மலரை அச்சிடுகிறோம். "அவளப் பத்தி நீதான் எழுதணும், எனக்கு எழுத வராது" என்று அத்தான் சொன்ன நாளிலிருந்து என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதற்கிடையில் அச்சகத்திலிருந்து முகப்பின் மாதிரி வந்தது. அக்காவின் படத்துக்குக் கீழே 'ஏழைகளின் தாய்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்த்ததுமே அதை எடுத்துவிடச் சொன்னேன்.

அத்தானுக்கு வருத்தம். "ஊரே சொல்றதத்தான போட்டிருக்கு? அதுல என்ன தப்பு?" என்று கேட்டார்.

தப்பில்லை. ஊர் சொல்வது உண்மைதான். ஆனாலும் அக்கா இருந்திருந்தால் அந்த வார்த்தையைத் தாங்கியிருக்க மாட்டார். ஏன் என்பதை உறவினர்களாகிய நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாம்பனுக்கு அருகில் ஒரு சிறிய கடற்கரை ஊரில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அய்யா வல்லம் என்னும் நாட்டுப் படகில் கடலுக்குப் போவார். அம்மா கூடை சுமந்து மீன் விற்பார். ஒரு புயலில் வல்லம் உடைந்துபோனது. அந்த ஆண்டு கோயில் வளாகத்தில் மேசை போட்டு அரிசி கொடுத்தார்கள். அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாராம். அரிசி போட்டவர் நல்ல மனிதர். ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பைக்குள் விழுந்த அரிசியைவிட அந்தப் பார்க்காத முகம்தான் அக்காவின் மனதில் நின்றது. "அப்பவே முடிவு பண்ணேன்டி, நான் ஒரு நாளு மேசைக்கு அந்தப் பக்கம் நிக்கணும்னு" என்று பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்.

படிப்பைப் பாதியில் விட்டு, அம்மாவோடு கருவாடு காயப் போட்டு, எங்களை ஆளாக்கினார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து உச்சிப்புளியில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதற்கு அக்காவின் உப்பேறிய கைகள்தான் காரணம். அத்தானை மணந்த பிறகு நிலைமை மாறியது. அத்தானின் உழைப்பாலும் அக்காவின் சாமர்த்தியத்தாலும் வல்லம் போய் விசைப்படகு வந்தது. கருவாடு மதுரைச் சந்தை வரை போனது. அக்கா ஆசைப்பட்டபடியே மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

எங்கள் தேவாலயப் பங்கில் அன்னையர் குழுவுக்குத் தலைவியானார். திருவிழா விருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, கிறிஸ்துமஸுக்குச் சேலை என்று எதுவும் அக்கா இல்லாமல் நடக்காது. எங்கள் ஊரில் சவரிமுத்துப் பெரியய்யா என்று ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் சங்கு குளித்தவர். மனைவி இறந்து, பார்வையும் மங்கி, கரையோரக் குடிசையில் தனியாக வாழ்ந்தார். அவருக்கு மதியச் சோறு அக்கா வீட்டிலிருந்துதான் போகும். கொடுக்கும்போது அக்காவின் முகமே வேறாகிவிடும். அது மகிழ்ச்சி என்று நாங்கள் நினைத்தோம். மகிழ்ச்சிதான். அதில் இன்னும் என்னவெல்லாம் கலந்திருந்தது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை, அக்கா உட்பட.

ஒரு கிறிஸ்துமஸின் போதுதான் அது நடந்தது. கோயில் முன் பந்தலில் சேலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து உதவி அனுப்பியவர்களுக்குக் காட்டுவதற்காகப் படம் எடுக்க ஓர் ஆளும் வந்திருந்தார். வரிசையில் மேரி என்ற பெண்ணின் முறை வந்தது. மேரியின் கணவர் வேறொருவர் படகில் கூலிக்குப் போனவர்; எல்லை தாண்டியதாகப் பிடித்து இலங்கைச் சிறையில் வைத்திருந்தார்கள். மேரி இறால் கம்பெனியில் தலை கிள்ளும் வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

சேலையை வாங்கியதும் படம் எடுப்பவர், "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, சேலை தெரியட்டும். சிரிங்கம்மா" என்றார்.

மேரி சேலையைத் திரும்ப மேசை மேல் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "பெரியக்கா, இது எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பந்தலை விட்டுப் போய்விட்டார்.

அன்று விருந்துக்கு வந்திருந்த என்னிடம் அக்கா கொதித்தார். "திமிரப் பாத்தியாடி? நான் என்ன எனக்காகவா பண்றேன்?" அடுத்த வாரம் நான் போனபோதும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறை குரலில் கோபம் குறைந்து, அதே கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. "நான் எனக்காகவாடி பண்றேன்?"

"இல்லக்கா" என்றேன்.

"நீ என் தங்கச்சி, அப்பிடித்தான் சொல்லுவ."

அதிலிருந்து அக்காவால் உட்கார முடியவில்லை. சமைத்துக்கொண்டிருப்பார், பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்க் கடலைப் பார்த்து நிற்பார். பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவுத் தொட்டிக்குப் போய்ப் பங்குச் சாமியிடம் சொன்னார். சாமி இளைஞர். "ரொம்ப யோசிக்காதீங்கம்மா, நல்ல காரியந்தானே செய்றீங்க" என்றாராம். அது அக்காவை இன்னும் அலைக்கழித்தது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தர்மம் செய்யாதீர்கள் என்னும் நற்செய்திப் பகுதியை ஒவ்வோர் ஆண்டும் அன்று வாசிப்பார்கள். அக்கா அதை எத்தனையோ முறை கேட்டவர்தான். அன்று சாம்பல் பூசிய நெற்றியோடு வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொல்லிவிட்டார்: "இந்தத் தவக்காலம் முழுக்க நான் யாருக்கும் ஒண்ணும் கொடுக்கப் போறதில்ல. எதுக்குக் கொடுக்கேன்னு தெரியாம கொடுத்தா அது பொய்யி. முதல்ல என் மனசு சுத்தமாகட்டும்."

மற்றவர்கள் தவக்காலத்தில் கூடுதலாகக் கொடுப்பார்கள், அக்கா நிறுத்தினார். குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்தார். பெரியய்யாவின் சோற்றைக் குழு பார்த்துக்கொள்ளும் என்று அக்கா நினைத்தார். அது அக்கா வீட்டுச் சோறு, என்றும்போல் போய்க்கொண்டிருக்கும் என்று குழுவினர் நினைத்தார்கள். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா காலையும் மாலையும் கோயிலில் முழங்காலில் இருந்தார். நோன்பு இருந்தார். முகம் வற்றியது. "இப்ப எப்பிடிக்கா இருக்கு?" என்று கேட்டேன். "தெரியலடி. உள்ள பாக்கப் பாக்க அழுக்காத்தான் இருக்கு" என்றார்.

தவக்காலத்தின் கடைசியில், குருத்து ஞாயிறு நெருங்கிய ஒரு நாள், அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அக்கா வீட்டுப் பக்கமே வராத மேரி ஓடி வந்தார். "பெரியக்கா, சவரிமுத்துப் பெரியய்யா குழாயடியில விழுந்து கிடக்காரு. பேச்சு மூச்சு இல்ல. வண்டி வேணும்!"

ஊரிலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவமனை வரை ஆட்டோவில் ஒரு பக்கம் அக்காவும் மறுபக்கம் மேரியும் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலைக்குப் போகும் வழியில் மேரி தன் கஞ்சியில் கொஞ்சம் அவருக்கு ஊற்றிவிட்டுப் போவது வழக்கமாம். கம்பெனியில் வேலை இல்லாத நாட்களில் அதுவும் இல்லை. செய்தி கேட்டு நானும் போனேன். குளுக்கோஸ் ஏறி, கண் விழித்த பெரியய்யா, அக்காவின் குரலைக் கேட்டதும் கையை நீட்டித் தடவினார்.

"தாயி, சோறு வரல. எம்மேல ஏதும் கோவமோன்னு நெனச்சேன். வந்து கேக்கலாம்னா கூச்சமா இருந்துச்சு."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அக்கா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா இறந்தபோது கூட இல்லை. வராந்தாவுக்கு அழைத்து வந்தேன். "நான் என் மனசக் கழுவிக்கிட்டு இருந்தேன்டி" என்றார். "அங்கன ஒரு மனுசன் பசியில கெடந்தாரு."

பெரியய்யா பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு அவருக்குச் சோறு கொண்டு போவதை அக்கா யாரிடமும் விடவில்லை. வெயிலில் தூக்குச்சட்டியோடு தானே நடப்பார். மனம் சுத்தமாகிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஒரு நாள் கூடவே நடந்த என்னிடம் சொன்னார்: "வழியில யாரு பாக்கான்னு இன்னமும் கண்ணு போகுதுடி. போனாப் போகுது, நடடி, சோறு ஆறிரும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. அது கடைசி வரை இருந்தது என்றே நினைக்கிறேன்.

குழுப் பொறுப்பை மறுபடி ஏற்றதும், சேலை கொடுப்பதில் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர்கள் சிலர் உதவி அனுப்புவதை நிறுத்தினார்கள். சேலைகள் குறைந்தன. குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள். அக்காவுக்கு அதிலும் நிம்மதி இல்லை. "எனக்கு நல்ல பேரு வேணாம்னு சொல்லி, நாலு பேருக்குக் கெடைக்கிறதக் கெடுத்துப்புட்டேனோ?" என்று என்னிடம் கேட்டார்.

மேரியிடம் அக்கா மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. சிறையில் இருந்த கணவருக்காக மனு கொடுக்க மேரி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தபோது, துணைக்கு வருவதாக அக்கா சொன்னார்.

மேரி தயங்கினார். "உங்க கூட வந்தா, பெரியக்கா இவளயும் கூட்டியாந்திருக்காகன்னுதான் எல்லாரும் சொல்லுவாக."

"அப்ப நீ முன்னால போ. நான் பின்னால வாரேன்."

அப்படியே போனார்கள். அதற்குப் பிறகும் பல முறை போனார்கள். அங்கே வரிசையில் அக்காவுக்கு ஒரு தனிச் சலுகையும் இல்லை; மேரிக்குப் பின்னால் வெயிலில் நின்றார். மேரியின் கணவர் ஒரு வழியாக விடுதலையாகி வந்தார். படகு வரவில்லை.

பிறகு அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. முழுதாக எடுக்க முடியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன்களில் ஒருவர் வளைகுடாவில், ஒருவர் கடலில். நான் விடுமுறை நாட்களில் மட்டும் வர முடிந்தது. யாரும் அழைக்காமலே மேரி வந்து நின்றார். உடம்பு துடைக்க, துணி மாற்ற, தலை சீவ. அக்காவுக்கு அது வலியைவிடக் கொடுமையாக இருந்தது. வாங்கும் பக்கம் நிற்பது எப்படி என்பதை அக்கா எப்போதோ மறந்துவிட்டிருந்தார்.

"வேணாம் மேரி, ஆளு வச்சுக்கிறோம்."

"வைங்க. அவுக வார வரைக்கும் நான் பாக்கேன்."

ஆள் வைக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை நான் பக்கத்தில் இருந்தேன். மேரி ஈரத்துணியால் அக்காவின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா திடீரென்று கேட்டார்: "நீ எதுக்கு வார மேரி? உண்மையச் சொல்லு."

மேரியின் கை நின்றது. "உண்மையச் சொல்லட்டுமா பெரியக்கா? முதல்ல ஊர் பாக்கட்டும்னுதான் வந்தேன். உங்ககிட்ட கை நீட்டுன மேரிதான் இப்ப உங்களப் பாத்துக்கிறான்னு எல்லாருக்கும் தெரியணும்னு இருந்துச்சு. நீங்க படுத்துக் கெடக்கதப் பாக்கணும்னு கூடத்தான்."

அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அக்காவோ தலையணையில் சாய்ந்தபடி கண்ணை எடுக்காமல் மேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாக அந்த முகத்தில் இல்லாத தெளிவு அப்போது இருந்தது.

"இப்ப?" என்று கேட்டார்.

"இப்பவா? தலையக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்புங்க, அந்தப் பக்கம் துடைக்கணும்."

அக்கா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். மேரியும் சிரித்தார். பிறகு அக்கா தலையைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மேரியை வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்டார், கால் அமுக்கச் சொன்னார், குழம்பில் உப்பு இல்லை என்று கடிந்துகொண்டார். சில வாரங்களில், நாங்கள் சுற்றி நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில் அடங்கினார்.

அக்காவின் நோயில் வீட்டுக்கு வந்து நற்கருணை அளித்த பங்குத்தந்தைக்கும், மதுரையில் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அன்று கடலுக்குப் போகாமல் இறுதி ஊர்வலத்தில் நடந்த ஊர் மக்களுக்கும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த இஸ்லாமிய, இந்து நண்பர்களுக்கும், அன்னையர் குழுவுக்கும், சவரிமுத்துப் பெரியய்யாவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக் கடன்பட்டிருக்கிறது. மேரிக்கு நன்றி என்று எழுதப் போனேன். "அதெல்லாம் போடாதீக டீச்சர்" என்றார். சற்றுப் பொறுத்து, "சரி, போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன்.

ஆண்டு நினைவுக்கு ஊருக்கே விருந்து வைக்கிறோம். அக்காவின் ஆன்மாவுக்காகவா, ஊர் எங்களைப் பேச வேண்டும் என்பதற்காகவா, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க எங்களால் முடியவில்லை என்பதற்காகவா என்று அத்தானும் நானும் பேசிப் பார்த்தோம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியவில்லை. அரிசிக்குச் சொல்லிவிட்டோம். திருப்பலி முடிந்ததும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். வந்து உட்காருங்கள். நாங்கள் பரிமாறுகிறோம்.

அன்புத் தங்கை